அக்காள் மகன் காருக்குப் பெரிய டயர்

2019ஆம் ஆண்டு. தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறிவிட்டு, கிள்ளானில் என் வீட்டு வாசலில் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தேன். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. தரையோடு தரையாகத் தாழ்ந்த ஒரு சிவப்புக் கார் வந்து கேட்டருகே நின்றது. அதில் இரண்டே பேர்தான் உட்காரலாம். மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத வண்டியை எதற்குக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இறங்கியவன் என் அக்காள் மகன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்திருந்தான்.

“மாமா, சின்ன வேலைதான் லா. டயர் மாத்தணும்,” என்றான்.

சின்ன வேலை என்று யார் சொன்னாலும் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

டயர் சமாச்சாரம் என்றால் எங்கள் குடும்பத்தில் எல்லாரும் என்னைத்தான் தேடி வருவார்கள். 1975இல், 17 வயதில், கிள்ளானில் ஒரு சீனருடைய டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். லோரி டயரை இரும்புக் கம்பியால் நெம்பிக் கழற்றிய காலத்தில் தொடங்கி, கணினியை வைத்துச் சக்கரத்தை நேர்பார்க்கும் காலம் வரை அதே கடையில் கிடந்தேன். இப்போது ஓய்வு. ஆனாலும் ரோட்டில் போகிற காரைப் பார்த்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் கண் டயருக்குத்தான் போகும்.

நாங்கள் பிறந்தது காப்பார் சாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். அப்பா பால்மரம் சீவினார். அக்காவும் கல்யாணம் ஆகும்வரை சீவினாள். பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உளியை இழுக்கும்போது பட்டையில் சீவுவது ஒன்றரை மில்லிமீட்டர் கனம் இருந்தால் அதிகம். உள்ளே கட்டையைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை விட்டுவைக்க வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டால் மரத்தில் காயம். காயம் பட்ட இடம் முண்டு முண்டாகப் புடைத்துக்கொள்ளும். பிறகு அந்த இடத்தில் உளி ஓடாது. மண்டோர் பார்த்தால் அன்றைக்குப் பெரட்டிலேயே மானம் போகும். அக்கா உளி பிடித்தால் காயமே இராது என்று அப்பாவே சொல்வார். அவரைவிட அவள் கை சுத்தம்.

ஆனால் அந்தப் பால் எங்கே போகிறது என்று லயத்தில் யாரும் யோசித்ததில்லை. ஆலைக்குப் போகிறது, அவ்வளவுதான். டயர் கடைக்கு வந்த பிறகுதான் எனக்கே அந்தக் கதை தெரிந்தது. 1888இல் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். முதலில் தம் மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காகத்தான் அதைச் செய்து பார்த்தாராம். பின்னால் மோட்டார் கார் பெருகியது. 1910 வாக்கில் ரப்பர் விலை எங்கோ ஏறிப்போனது. அந்த விலைதான் இங்கே காட்டை அழித்து மரம் நடவைத்தது. அதுதான் நம் பாட்டன் பாட்டிமாரைக் கப்பலேற்றிப் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் பினாங்கிலும் கொண்டுவந்து இறக்கியது. 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது அந்தச் சுவெட்டன்ஹாம் துறைமுகம்தான். ஒரு நாள் அப்பா கடைக்கு வந்திருந்தபோது புது டயர் ஒன்றைக் காட்டி இதையெல்லாம் சொன்னேன். அவர் டயரைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். “இதுவா அது?” என்று மட்டும் கேட்டார். முழுவதும் அதுவல்ல அப்பா, கார் டயரில் செயற்கை ரப்பரும் கரித்தூளும் கலந்திருக்கும், லோரி டயரிலும் விமான டயரிலும்தான் நம் பால் அதிகம் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

சரி, மருமகன் விஷயத்துக்கு வருகிறேன்.

கார் மஸ்டா எம்.எக்ஸ்.-5. 1989இல் வெளிவந்த முதல் மாதிரியைச் சேர்ந்தது. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்றார்கள். முன்விளக்கு தவளைக் கண் மாதிரி மேலே எழும்பும். கூரையைக் கையால் மடக்கி வைக்கலாம். எடை ஒரு டன்னுக்கும் குறைவு. எட்டு வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததோடு, போதாததற்கு அக்காவின் சேமநிதிப் பணத்திலும் கொஞ்சம் வாங்கி, மூன்றாம் கைக்கோ நான்காம் கைக்கோ வந்த அந்தக் காரை வாங்கியிருந்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வயதில் பத்து தீகாவில் கார்ப் பந்தயம் நடக்கும்போது, டிக்கட் வாங்கக் காசில்லாமல் வேலிக்கு வெளியே நின்று சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். அவன் அந்தச் சத்தத்தைச் சொந்தமாக வைத்திருக்கிறான்.

அந்தக் காருக்குக் கம்பெனி போட்ட டயர் 185/60 ஆர் 14. நண்பன் ஒருவன் 15 அங்குல ரிம்மோடு நாலு டயர் மலிவாகக் கொடுக்கிறானாம். அதன் அளவு 195/55 ஆர் 15.

“இப்ப இருக்கறது சின்னதா இருக்கு மாமா. சக்கரத்துக்கும் மட்காட்டுக்கும் நடுவுல பாருங்க, எவ்வளவு இடைவெளி! இது போட்டா நிறைஞ்சிடும்.”

டயர் விளிம்பில் எழுதியிருக்கும் இந்த எண்களை நம்மில் பலர் லாட்டரி நம்பர் மாதிரி பார்த்துவிட்டு விட்டுவிடுகிறோம். கணக்கு கஷ்டமில்லை. பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அவனுக்குப் போட்டுக் காட்டினேன். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது அந்த அகலத்தில் 60 சதவிகிதம் பக்கச் சுவரின் உயரம் என்று அர்த்தம். அதாவது 111 மில்லிமீட்டர். மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், ஆக 222. நடுவில் 14 அங்குல ரிம், 355.6 மில்லிமீட்டர். கூட்டினால் டயரின் முழு உயரம் 577.6. அதே மாதிரி நண்பன் டயரைப் போட்டால் 595.5 வருகிறது. வித்தியாசம் 17.9 மில்லிமீட்டர்.

“ரெண்டு சென்டிமீட்டர்கூட இல்ல,” என்றான் அவன் சந்தோஷமாக.

அதில் பாதி மேல்பக்கம். ஒன்பது மில்லிமீட்டர் மட்காட்டை நெருங்கும். அகலத்திலும் பக்கத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் கூடும். போதாததற்கு அந்த ரிம் கம்பெனி ரிம்மைவிடக் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கும் ஜாதி. இவனோ ஏற்கெனவே ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்தி வைத்திருந்தான். டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் முன்பைவிட ஐந்தரை சென்டிமீட்டர் அதிகம் ஓடும். ஆனால் வேகம் காட்டும் முள்ளுக்கு அது தெரியாது. கியர்பெட்டியிலிருந்து வரும் கம்பி சுற்றைத்தான் எண்ணுகிறது. முள் 100 காட்டும்போது கார் 103 போகும். நெடுஞ்சாலையில் 110 என்று நினைத்துக்கொண்டு 113இல் போவாய், கேமரா படம் பிடித்துக் கடுதாசி அனுப்பும் என்றேன்.

அவனும் விவரமானவன்தான். “கம்பெனியிலயே முள்ளைக் கொஞ்சம் கூட்டித்தான வச்சிருப்பாங்க மாமா?” என்றான். அது உண்மை. வேகமானி உள்ளதைக் குறைத்துக் காட்டக்கூடாது, கூட்டிக் காட்டினால் பரவாயில்லை என்றுதான் பல நாடுகளில் விதி. அதனால் தயாரிப்பாளர்கள் எச்சரிக்கையாகக் கொஞ்சம் கூட்டியே வைப்பார்கள். மூன்று சதவிகிதம் அதற்குள் அடங்கிவிடலாம். டயர் கடைக்காரர்களும் மூன்று சதவிகிதம் வரை ஒப்புக்கொள்வது வழக்கம். இவனுடையது 3.1.

மழையையும் சொன்னேன். எடை குறைந்த காருக்கு அகலமான டயர் போட்டால், அந்த எடை அதிக இடத்தில் பரவும். தேங்கிய தண்ணீரைப் பிளந்துகொண்டு தரையைத் தொடுவதற்குப் பதிலாக, டயர் தண்ணீர்மேல் மிதக்கப் பார்க்கும். சாயங்கால மழைக்குப் பேர்போன ஊர் நம் ஊர். வேண்டாம் மாப்ளே, இருப்பதே போதும் என்று அனுப்பிவிட்டேன்.

அன்று இரவே அக்கா கூப்பிட்டாள். அத்தான் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவர் இருந்தவரை பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தார்கள். அவர் போன பிறகு அக்கா அதே பக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டில் தையல் மிஷினோடு அவனை வளர்த்தாள். “தம்பி, அவன் ஒண்ணும் குடிக்கல, சூதாடல. கார் ஒண்ணுதான் ஆசை. நீ பார்த்து மாட்டிக் குடுத்தா எனக்கும் நிம்மதி. வேற எவன்கிட்டயாவது போனான்னா எனக்குத் தூக்கம் வராது,” என்றாள்.

இதற்கு என்ன பதில் சொல்வது? அடுத்த சனிக்கிழமை, நான் வேலை பார்த்த கடைக்கே கூட்டிப்போனேன். இப்போது தவுக்கேயின் மகன் கடையைப் பார்க்கிறான். எனக்காக இடம் ஒதுக்கிக் கொடுத்தான். நானே மாட்டினேன். டயர் செய்த வாரமும் ஆண்டும் பொறித்த நாலு எண்களைப் பார்த்தேன், பழையதில்லை. தேய்மானம் பார்த்தேன், சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டருக்கு மேல் நிறையவே இருந்தது. காற்றுப் பிடித்தேன். அந்தக் காருக்கு 26 பவுண்டுதான். பையன்கள் எல்லா வண்டிக்கும் 35 அடிப்பார்கள். பிறகு ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, நாலு மட்காட்டிலும் விரலை விட்டுப் பார்த்தேன். எங்கும் உரசவில்லை. பின்சக்கரத்தில் விரல் கொஞ்சம் நெருக்கமாகத்தான் போனது. ஆனால் போனது.

நான் செய்யத் தவறியது ஒன்றுண்டு. அந்த விரலை விட்டபோது கார் காலியாக நின்றது.

கடையில் இருந்த காலத்தில் இப்படி அளவு மாற்றி மாட்டினால், மட்காட்டின் உள்விளிம்பில் சாக்கட்டியைத் தேய்த்துவிடுவேன். இரண்டு ஆள் ஏறி உட்கார்ந்து, வேகத்தடை மேட்டில் இரண்டு தடவை ஏற்றி இறக்கிவிட்டு வரச் சொல்வேன். டயரில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் உரசுகிறது என்று அர்த்தம். ஐந்து நிமிட வேலை. எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன். அன்று செய்யவில்லை. சாப்பாட்டு நேரம். மருமகன் காரைச் சுற்றிச் சுற்றி வந்து போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். “சூப்பர் மாமா” என்று என்னைக் கட்டிப்பிடித்தான். எனக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது.

தீபாவளிக்கு முந்திய வாரம் சனிக்கிழமை சாயங்காலம். அக்கா முறுக்கும் அதிரசமும் சுட்டு, தகர டின்களில் அடைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரக் கிளம்பினாள். அவள் அந்தக் காரில் ஏறி நெடுந்தூரம் வருவது அதுதான் முதல் தடவை. அக்காவின் எடையை இங்கே எழுதினால் என்னை அந்த வீட்டுப் படியேற விடமாட்டாள். பின்பெட்டியில் டின்கள், ஒரு மூட்டை அரிசி மாவு, பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் வாங்கிய துணிமணி. பெடரல் நெடுஞ்சாலையில் சுபாங் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. 2018 தொடக்கத்தில் கட்டணம் எடுப்பது நின்றுபோன பத்து தீகா சாவடிப் பக்கம் வரும்போது, பின்னால் எதுவோ கிழிகிற மாதிரி சத்தம் கேட்டதாம். கார் ஒரு பக்கம் இழுத்தது. பின்பக்கம் வழுக்கியது. பின்னால் வந்த லோரி ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டே விலகிப் போனது. பையன் பிரேக்கை மிதிக்காமல் ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டு ஓரம் கட்டிவிட்டான். அதை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

போன் வந்ததும் என் சாகாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். மழை விட்டபாடில்லை. அவசரப் பாதையில் சிவப்புக் கார் ஒருபக்கம் சாய்ந்து நின்றது. மருமகன் ஜாக்கியை வைக்கப் பார்க்கிறான், கை நடுக்கத்தில் அது நிற்கவில்லை. அக்கா இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் குடை பிடித்தபடி நின்றாள். சேலை முழங்கால் வரை சேறு. மடியில் ஒரு முறுக்கு டின்னை ஏன் அணைத்துப் பிடித்திருந்தாள் என்று தெரியவில்லை. அவளுக்கே தெரியாது.

என்னைப் பார்த்ததும் அழவில்லை, திட்டவில்லை. “நீ பார்த்துத்தானே மாட்டினே தம்பி?” என்றாள்.

நாற்பது வருடத்துக்கு மேல் டயரோடு பழகியவன். எனக்கு வாய் வரவில்லை. குனிந்து ஜாக்கியை வைத்தேன்.

டயரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். வெளித்தோள் பக்கம் சுற்றிலும் ஒரே கோடு, கத்தியால் கீறினாற்போல. மட்காட்டின் உள்விளிம்பு மடிந்து நிற்கும் அந்தத் தகடுதான் செய்திருக்கிறது. அவன் தனியாகப் போகும்போது ஏதோ ஒரு மேட்டில் லேசாகத் தொட்டிருக்கிறது. சத்தம் பெரிதாகக் கேட்டிருக்காது. கேட்டாலும் பாட்டுச் சத்தத்தில் தெரிந்திருக்காது. ஒவ்வொரு தொடலிலும் ரப்பரைச் சீவிச் சீவி, ஓரிடத்தில் உள்ளே இருக்கும் நூல் தெரிகிற அளவுக்கு வந்திருக்கிறது. அன்று ஆளும் சாமானும் ஏறிக் கார் இன்னும் இறங்கியதும், மிச்சமிருந்ததும் போய்விட்டது. மற்றப் பக்கத்துப் பின் டயரிலும் அதே கோடு, ஆழம் மட்டும் குறைவு.

அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தக் கோட்டில் நகத்தை வைத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். பால்மரத்தில் வெட்டைப் பார்க்கிற அதே பார்வை. “கட்டையைத் தொட்டிருச்சே,” என்றாள்.

மறுநாள் மருமகன் அந்த நாலு டயரையும் ரிம்மையும் தூக்கி எறியப்போவதாகச் சொன்னான். காரையே விற்றுவிடுகிறேன் என்றுகூடச் சொன்னான். நான்தான் அந்தக் காலண்டர் தாளை மறுபடி எடுத்தேன். ரிம்மில் குற்றமில்லை. அதே 15 அங்குல ரிம்முக்கு 55 என்பதற்குப் பதில் 50 போட்டிருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்த்தோம். 195இல் 50 சதவிகிதம் 97.5, இரண்டு சுவருக்கு 195, ரிம் 381, ஆக 576. கம்பெனி டயரோடு ஒப்பிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் குறைவு. முள்ளும் மாறாது, மட்காட்டையும் மேலே நெருங்காது. அவன் ஆசைப்பட்ட பெரிய ரிம்மும் இருக்கும். டயர் விளிம்பில் ஒரே ஒரு எண், ஐந்து வித்தியாசம். அன்றைக்கே நான் வேண்டாம் என்று சொல்லி அனுப்பாமல், அல்லது சரி என்று தலையாட்டாமல், இந்த மூன்றாவது வழியை உட்கார்ந்து யோசித்திருக்கலாம். இத்தனை வருடம் கடையில் இருந்தவனுக்கு அது அப்போது தோன்றவில்லை பாருங்கள்.

தாழ்த்திய ஸ்பிரிங்கையும் கழற்றச் சொன்னேன். அதற்கு மட்டும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு கழற்றினான். டயர் வாங்கிய செலவில் பாதி நான் கொடுத்தேன். வேண்டாம் என்றான், விடவில்லை.

இதைப் படிக்கிற வீடுகளில் ஸ்போர்ட்ஸ் கார் எத்தனை இருக்குமோ தெரியாது. ஆனால் சாகாவும் மைவியும் இருக்கும். மோட்டார் சைக்கிளுக்குக் கம்பெனி டயரைக் கழற்றிவிட்டுச் சைக்கிள் டயர் மாதிரி ஒல்லியாக ஒன்று மாட்டிக்கொண்டு பறக்கிற பையன்களும் இருப்பார்கள். கார் என்றால் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்ததும் அங்கே ஒரு சிறு அட்டை ஒட்டியிருக்கும். டயர் அளவும் காற்று அளவும் அதில் எழுதியிருக்கும். கடைக்குப் போகுமுன் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அளவு மாற்றுகிறீர்கள் என்றால் சாக்கட்டி பத்துக் காசுதான்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு புது டயர் மாட்டினோம். இந்தத் தடவை மட்காட்டு விளிம்பில் சாக்கட்டியை நன்றாகத் தேய்த்தேன். மருமகன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, பின்பெட்டியில் இரண்டு மூட்டை மாவு. எங்கள் குடியிருப்பில் இருக்கும் வேகத்தடை மேடுகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கினோம். திரும்பி வந்து பார்த்தால் டயர் கறுப்பாகவே இருந்தது.

“அம்மா, வா, ஒரு ரவுண்டு போவோம்,” என்றான்.

அக்கா உடனே ஏறவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு பின்சக்கரத்தருகே குனிந்தாள். மட்காட்டுக்குள் விரலை விட்டுச் சுற்றிலும் தடவினாள். வெளியே எடுத்த விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சாக்கட்டி மாவு ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம் போய் அந்தச் சக்கரத்தையும் பார்த்தாள். பிறகு விரலை என் சட்டையில் துடைத்துவிட்டுக் காரில் ஏறினாள்.